மூலைத்தாள் ஐயா

அவர் நல்ல மனிதர் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. என் ஆத்திரமே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு அன்றைக்கே மறந்திருப்பேன்.

யுத்தம் முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. வன்னி முகாம்களிலிருந்து ஒரு பக்கம், தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து இன்னொரு பக்கம் என்று மன்னாருக்குக் குடும்பம் குடும்பமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே வெள்ளை வாகனங்களும் வந்தன. அப்படி ஒரு வாகனத்தில்தான் அவரும் வந்து இறங்கினார். வெளிநாட்டுக்காரர். யுத்தம் முடிந்த நாடுகளுக்குப் போய் அங்குள்ள சனத்துக்கு வியாபாரப் பயிற்சி கொடுப்பதும், அவர்களில் சிலரைத் தெரிந்தெடுத்து வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவதும்தான் அவருடைய தொழில். ஆலோசகர் என்று அட்டையில் போட்டிருந்தது. எங்களிடம் வருவதற்கு முன் மூன்று நாடுகளில் இதையே செய்துவிட்டு வந்திருந்தார். நான் மன்னார் பட்டினத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தவள். பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு இரண்டு வருடம் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன்.

அந்த இரண்டு வருடத்தில் அவர் ஒருவருக்கும் 'இல்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பெரிய விஷயத்துக்கும் இல்லை, சின்ன விஷயத்துக்கும் இல்லை. ஒரு நாள் நானாட்டானில் மூன்று வீடுகளில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார். முதல் வீட்டில் விரால் மீன் குழம்பு, இரண்டாம் வீட்டில் நாட்டுக்கோழி, மூன்றாம் வீட்டில் என்ன என்று பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை. நான் இரண்டாம் வீட்டிலேயே கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அவர் மூன்றாவது கோப்பையையும் சிரித்த முகத்தோடு வழித்துச் சாப்பிட்டார். திரும்பி வரும் வழியில் கட்டுக்கரைக் குளத்தடியில் வாகனத்தை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய், ஒரு மருத மரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஏறி, "அருமையான சனம்" என்றார். அன்றைக்கு எனக்குப் பாவமாக இருந்தது. மனிசன் எவ்வளவு தன்மையானவர் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

நெட்டையான ஆள். தகரக் கொட்டில்களுக்குள் நுழையும்போது இரண்டாக மடிந்துதான் நுழைவார். வெயிலில் மூக்கு எப்போதும் தோல் உரிந்திருக்கும். யாராவது கதைத்தால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு கேட்பார். அப்படி ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கதைக்க மனம் வராது? முப்பது வருடம் யாரும் கேட்காத கதையெல்லாம் எங்கள் சனம் அவரிடம் கொட்டியது. பயிற்சி முடிந்ததும் கதிரைகளை அவரே தூக்கி அடுக்குவார். "விடுங்கோ ஐயா, விடுங்கோ" என்று பெடியள் ஓடிவருவார்கள். விடமாட்டார்.

தமிழில் ஒரே ஒரு சொல்தான் அவருக்குச் சரியாக வரும். "நல்லது." அதை வைத்தே ஊரை உழுதார். தேத்தண்ணீர் கொடுத்தால் நல்லது, மழை வந்தால் நல்லது. நான் மொழிபெயர்த்து முடிக்கும்வரை பொறுக்காமல் தலையாட்டிக்கொண்டு சொல்லிவிடுவார். பேசாலையில் ஒரு பெண், "இடம்பெயர்ந்து போகேக்க என்ர மனிசனைத் தவறவிட்டனான், இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை" என்றாள். இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நல்லது, நல்லது" என்றார். நான் பதறிப்போய் அவர் காதுக்குள் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. எழுந்து போய் அவள் முன்னால் முழங்காலில் நின்று கையைப் பிடித்தார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "பாவம், அவருக்கு விளங்கேல்லை, விடுங்கோ ரீச்சர்" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். எங்கட சனத்துக்கு எவ்வளவு பெரிய மனம் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இனி அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சி நடக்கும் மண்டபத்தில் முன் சுவரில் பெரிய மண்ணிறத் தாள்கள் ஒட்டுவோம். அன்றைய பாடம், படம், அட்டவணை எல்லாம் அதில் இருக்கும். தள்ளி ஒரு மூலையில் தனியாக இன்னொரு தாள் ஒட்டச் சொல்வார். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி ஏதும் வந்தால் அதை அந்த மூலைத் தாளில் எழுதி வைப்பார். பிறகு பார்க்கலாம் என்று அதற்கு அர்த்தம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்களாம். கேட்டவர் மனம் நோகக்கூடாது, பாடமும் தடைப்படக்கூடாது. பச்சைப் பேனையால் கேள்வியை எழுதிவிட்டு, கேட்டவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். கேட்டவரும் பெரிய காரியம் ஒன்று நடந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

விடத்தல்தீவில், கோயில் மண்டபத்தில் நடந்த பயிற்சியில் 'உங்கள் கனவு வியாபாரத்தை வரையுங்கள்' என்று தாளும் நிறப் பென்சிலும் கொடுத்தோம். ஒருவர் கடை வரைந்தார், ஒருத்தி தையல் மெசின் வரைந்தாள். வயதான கடற்றொழிலாளி ஒருவர் நெடுநேரம் கீறிக்கொண்டிருந்துவிட்டு ஒரு கோட்டை மட்டும் காட்டினார்.

"இது என்ன அப்பு?" என்றேன்.

"கரை. எங்கட கரை. இப்ப நேவி முகாமுக்குள்ள நிக்குது. அதை விட்டாக் காணும் பிள்ளை, வேற கனவு ஒண்டும் எனக்கு வேண்டாம். தொழில் செய்ய எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை."

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், கண்ணாடியைத் துடைத்தார், "மிக முக்கியமான கருத்து" என்றார், மூலைக்குப் போய்ப் பச்சைப் பேனையால் எழுதினார். அதற்கு மேலே ஏற்கெனவே ஒரு தாயின் காணாமல்போன மகனைப் பற்றி ஒன்று, எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளைப் பற்றி ஒன்று, குடிதண்ணீரைப் பற்றி ஒன்று இருந்தன. பின்னேரம் ஆகும்போது முன் சுவரில் இருந்ததைவிட மூலைத் தாளில்தான் எழுத்து அதிகம். அந்தக் கிழவர் போகும்போது என்னிடம், "இந்த மூலைத்தாள் ஐயா எப்ப பிள்ளை திரும்பி வருவார்?" என்று கேட்டார். அன்றையிலிருந்து விடத்தல்தீவில் அவருக்கு அதுதான் பெயர்.

அந்தத் தாள்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? சுருட்டி றப்பர் வளையம் போட்டு வாகனத்தின் பின்பக்கம் எறிந்துவிடுவோம். ஒரு நாள் பார்க்கிறேன், எங்கள் சாரதி அதில் ஒன்றை விரித்துக் கருவாடு சுற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்!

"உங்களுக்கு என்ன விசரே? சனம் சொன்னதெல்லாம் அதில எழுதியிருக்கு!" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்து, ஒரு அவசரமும் இல்லாமல், "ஓம், எழுதியிருக்கு. ஆர் வாசிக்கப் போறது ரீச்சர்?" என்றார்.

மன்னாருக்குத் திரும்பும் வழியில், தள்ளாடிப் பாலத்தில் வரும்போது ஆலோசகரிடம் நேரடியாகவே கேட்டேன். முடியாததை முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன? சனம் தன் பாட்டில் போகுமே? அவர் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டே, "இவர்கள் எத்தனை பேரிடம் 'இல்லை' கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நானும் ஒரு தடவை சொல்ல வேண்டுமா?" என்றார். கேட்கும்போது நல்லாகத்தான் இருந்தது. எனக்குக் கண் கலங்கியது, நாசமாய்ப் போக.

அம்மாவுக்குச் சுகமில்லாமல் மன்னார் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது அவர் தோடம்பழப் பையோடு வந்தார். மரவாங்கு ஒன்றில் உட்கார்ந்து, காலை நீட்ட இடமில்லாமல், ஒரு முழுப் பின்னேரமும் என்னோடு இருந்தார். அம்மா செத்தவீட்டிலும் ஒரு ஓரமாக நின்றார். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏன் யூடித் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று உங்களுக்கு விளங்காது.

யூடித்துக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தமிழ்நாட்டு முகாமில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, கல்லூரியில் வணிகம் படித்து முடித்துவிட்டுத் தாயோடு விடத்தல்தீவுக்கு வந்தவள். தகப்பன் இல்லை. தாய் எங்கள் தமிழ் கதைப்பார். மகள் எங்கள் தமிழில் தொடங்கி, கொஞ்சம் வேகம் வந்தால் இந்தியத் தமிழுக்குப் போய்விடுவாள். "இந்தியாக்காரி" என்று ஊர்ப் பெட்டைகள் பகிடி பண்ணுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் கணக்கில் புலி. முதல்நாள் பயிற்சியிலேயே அவர் சுவரில் எழுதிய இலாபக் கணக்கில் பிழை பிடித்தாள். அவர் கைதட்டி மகிழ்ந்தார். சும்மா சொல்லக்கூடாது, உண்மையாகவே மகிழ்ந்தார்.

எங்கள் திட்டத்தில் கடைசிக் கட்டம் ஆறு பேரை வெளிநாட்டுக்கு அனுப்புவது. மீன் பதப்படுத்தல், சிறு வியாபாரம் என்று ஆறு மாதப் படிப்பு. விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் வந்தது. அதைத் தமிழில் எழுதுவது என் வேலை. அதில் ஒரு வரி இருந்தது: விண்ணப்பம் முடிகிற நாளில் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் சேர்க்கப்படமாட்டார்கள். நான் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் அந்த வரியில் விரலை வைத்து, "இது அவர்களை ஆரம்பத்திலேயே சோர வைத்துவிடும். இப்போதைக்கு வேண்டாமே. நேர்முகத்தில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்" என்றார். அந்த வரி இல்லாமலே படிவம் அச்சாகிப் போனது.

இந்தியாவில் பிறந்து வந்த பிள்ளைகளுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கொழும்பிலிருந்து வர வேண்டும். அது வந்தால்தான் அடையாள அட்டை, அடையாள அட்டை வந்தால்தான் பாஸ்போட். யூடித்தும் தாயும் பிரதேச செயலகக் கந்தோருக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்திருந்தார்கள். 'அடுத்த மாதம் வாங்கோ' என்பதுதான் ஒவ்வொரு மாதமும் பதில்.

அடுத்த பயிற்சியில் அவள் எழுந்து நின்றாள். விஷயம் இதுதான். நானாட்டானில் நெல் ஆலை வைத்திருந்த தாய்வழிச் சொந்தக்காரர் ஒருவர் ஆலைக் கந்தோரில் அவளுக்கு வேலை கொடுக்கச் சம்மதித்திருந்தார். அடையாள அட்டை கேட்கவில்லை. தாயும் மகளும் இருக்க ஒரு அறையும் இருந்தது, கல்லுச் சுவரும் ஓட்டுக் கூரையுமாக. ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"எனக்கு இன்னும் பாஸ்போட் இல்லை. அது இல்லாம இந்தப் படிப்புக்கு எடுப்பீங்களா, மாட்டீங்களா? மாட்டீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் ஆலைக்குப் போயிடுவேன்" என்றாள்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனுசி எப்படிக் கேட்பாள்? நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையைச் சாய்த்தார். "அற்புதமான கேள்வி. அவளுடைய திறமைக்கு எதுவும் தடையாக இருக்கக்கூடாது. மனம் தளராமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்" என்றார். மூலைக்குப் போனார். எழுதினார். சிரித்தார்.

"மனம் தளராமல் விண்ணப்பிக்கட்டாம். உம்மட திறமைக்கு ஒண்டும் தடையா இருக்கக் கூடாதாம்" என்று நான் சொன்னேன். தாய் பின்னால் வந்து என் கையைப் பிடித்து, "மாதாவே உங்களை அனுப்பினவ ரீச்சர்" என்றார். திங்கட்கிழமை அவர்கள் ஆலைக்குப் போகவில்லை. புதன்கிழமை அந்த வேலைக்கு வேறொரு பிள்ளை போய்விட்டாள்.

நேர்முகத்தில் பக்குவமாகச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். நேர்முகமும் வந்தது. முக்கால் மணித்தியாலம் அவளோடு கதைத்தார். முகாமில் எப்படிப் படித்தாய், என்ன வியாபாரம் செய்ய ஆசை, பத்து வருடத்தில் எங்கே இருப்பாய்? அவள் நண்டைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்வதைப் பற்றி ஒரு திட்டமே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அவர் எழுந்து நின்று அவள் கையைக் குலுக்கினார். பாஸ்போட்டைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. அவள் போன பிறகு நான் கேட்டேன். "இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற பிள்ளையிடம் இன்றைக்கு எப்படிச் சொல்வது?" என்றார்.

பிறகு அறிக்கை எழுதும்போதுதான் முழுசும் விளங்கியது. பணம் தருகிறவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் ஒரு கட்டம்: திரும்பி வந்த அகதிகள் இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தார்களா? அதற்குள் ஒரு சரி அடையாளம். அந்தச் சரியைப் போடுவதற்கு யூடித் தேவைப்பட்டிருக்கிறாள்! போவதற்கு இல்லை, விண்ணப்பிப்பதற்கு. இரண்டு வருடமாக நான் மனுசத்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு அடியில் இப்படி ஒரு கட்டம் இருந்திருக்கிறது. தாளைத் தூக்கி அவர் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. அவரிடம் கேட்டபோது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "விண்ணப்பித்ததே அவளுக்கு ஒரு அனுபவம்தானே" என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மன்னார் பட்டினத்தில், ஒரு மண்டபத்தில் கடைசிக் கூட்டம். ஆறு பேரின் பெயரை வாசித்து மாலை போட்டார்கள். அவரை வேட்டி கட்ட வைத்திருந்தார்கள். யூடித் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவது போல உடுத்திக்கொண்டு, தாயோடு முதல் பஸ்ஸில் வந்து இரண்டாம் வரிசையில் இருந்தாள். ஆறு பெயரும் முடிந்தது. 'கேள்வி ஏதும் உண்டா' என்று நான் மைக்கில் கேட்டேன். அவள் எழுந்தாள். "இரு பிள்ளை, இரு" என்று தாய் தாவணியைப் பிடித்து இழுத்தார். அவள் இருக்கவில்லை.

"என் பேர் ஏன் வரலைன்னு கேக்கலை. அடுத்த முறை வருமா? வராதுன்னா வராதுன்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க."

அவர் வழக்கம் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். "மிகவும் துணிச்சலான கேள்வி. நாங்கள் தொடர்பில் இருப்போம் என்று சொல்லுங்கள். அவளுக்கான நேரம் வரும்" என்றார். சொல்லிக்கொண்டே பச்சைப் பேனையை எடுத்தார். கடைசிக் கூட்டத்திலும் ஒரு மூலைத் தாள் ஒட்டியிருந்தார்கள்! அதை நோக்கி வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எனக்கு அந்த இடத்தில் விசர் வந்துவிட்டது.

"இல்லை எண்டு சொல்லுறார்" என்றேன் மைக்கில். "பாஸ்போட் இல்லாத ஆக்களை எடுக்கேலாது. அது இண்டைக்கு நேற்றுப் போட்ட சட்டமில்லை, முதல் நாளே இங்கிலிஸ் படிவத்தில எழுதியிருந்தது. உம்மட பேர் ஒரு நாளும் வாறதா இருக்கேல்லை. அடுத்த முறை எண்டு ஒண்டும் இல்லை, இதோட எல்லாம் முடிஞ்சுது. ஆலை வேலையைச் சும்மா விட்டிட்டீர் பிள்ளை."

அவர் பாதி வழியில் நின்று திரும்பி, நான் சொன்னது என்னவோ நீளமாக இருந்ததே என்று சிரித்தபடி ஆங்கிலத்தில் கேட்டார். "நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்" என்றேன் நானும் ஆங்கிலத்தில். அவர் சிரிப்பு நின்றதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். இரண்டு வருட ஆத்திரத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

யூடித் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முதல் நாளே எழுதியிருந்துச்சா?"

"ஓம்."

"நீங்க வாசிச்சீங்களா டீச்சர்?"

"ஓம். நான் எழுதினனான் பிள்ளை, அவர்தான் அந்த வரி வேண்டாமெண்டு..." என்று நான் அவர் பக்கம் கையை நீட்டினேன்.

"அவர் பேசினது எனக்கு எங்க டீச்சர் புரிஞ்சுது?" என்றாள் யூடித். "எங்கிட்ட பேசினது எல்லாம் நீங்கதானே."